லோபாங் கேட்டா யாரும் தர மாட்டேங்கறாங்க

யீஷூன் தம்பி | 3 அக்டோபர் 2024, இரவு 10.15

சிங்கப்பூர்ல கம்பெனி பதிவு பண்ணி ஏழு மாசம் ஆச்சு. கம்பெனி பதிவு பண்ற அரசாங்க அமைப்பு அக்ராவுக்கு 315 வெள்ளி கட்டின நாள்ல இருந்து எத்தனை ஈவன்ட் போயிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. நேம் கார்டு ரெண்டு டப்பா காலி. லிங்க்ட்இன்ல ஆயிரத்து நானூறு பேர். அதுல திரும்பக் கூப்பிட்டது ஒரு இன்சூரன்ஸ் ஏஜன்ட், ஒரு காண்டோ விக்கிறவர். சீனவங்களுக்குள்ள குவான்சின்னு ஒண்ணு இருக்கு, ஒருத்தர ஒருத்தர் தூக்கி விட்டுக்கறாங்க. நம்மாளுங்க ஒரு லோபாங், அதான் தொழில் வாய்ப்பு பத்தின துப்பு, கிடைச்சா மடிச்சு சட்டைப்பைல வச்சுக்கறாங்க. தொழில் ஆரம்பிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, நான் சொல்றது தப்பா?

தே ஓ கோசோங் | 3 அக்டோபர், இரவு 11.50

தப்பு தம்பி. நம்மாளு அவுங்காளுன்னு பிரிச்சது முதல் தப்பு, ஈவன்ட்ட நம்பினது ரெண்டாவது. கோப்பிக்கடைல டிஷ்யூ பாக்கெட் வச்சு மேசைய சோப் பண்ற (இடம் பிடிச்சு வைக்கற) மாதிரி, கார்டு குடுத்தா மனுஷன சோப் பண்ணிட்டதா நெனச்சுக்கறோம். நானும் ஒன்றரை வருஷம் அப்படித்தான் திரிஞ்சேன். ஈவன்ட் எல்லாம் சுத்த வேஸ்ட், அந்த நேரத்துல தூங்கலாம். மீதி நாளைக்கு எழுதறேன், கண்ணு சொருகுது.

தே ஓ கோசோங் | 4 அக்டோபர், காலை 8.20

பசியாறிட்டு நேத்து எழுதுனத படிச்சுப் பாத்தா எனக்கே சிரிப்பா இருக்கு. ஈவன்ட் வேஸ்ட்னு எழுதினேனே, என் முதல் கஸ்டமருக்கு வழி கிடைச்சதே ஒரு ஈவன்ட்லதான். என்ன ஒண்ணு, நான் யாரப் பாக்கப் போனேனோ அவுங்ககிட்ட கிடைக்கல.

நான் செய்யறது என்னன்னா, சாப்பாட்டுத் தொழில்ல இருக்கறவங்களோட சில்லர், ஃப்ரீசர் உள்ள வைக்கிற சின்ன டப்பா. வெப்பத்த அதுவே குறிச்சுக்கும், எல்லை தாண்டினா போனுக்கு செய்தி அனுப்பும். அன்னைக்கு ஹால்ல இருந்த அத்தனை பேரும் ரெண்டு இன்வெஸ்டர சுத்தி ஈ மாதிரி மொய்ச்சுக்கிட்டு இருந்தாங்க, நானும்தான். எனக்கு வாய்ப்பு வரல, பசி வந்துச்சு. பஃபே மேசைக்குப் போனா, மீ கோரெங் நூடுல்ஸ் தட்டு பக்கத்துல இத்தன மணிக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும்னு ஒரு ஸ்டிக்கர். இங்க கேட்டரிங் சாப்பாடுன்னா அது கட்டாயம், சமைச்சு நாலு மணி நேரம்தான் கணக்கு. அந்த ஸ்டிக்கர்ல நேரத்த பேனால அடிச்சுத் திருத்தியிருந்துச்சு. பின்னால நின்ன சூப்பர்வைசர் அக்காகிட்ட 'ஏன்க்கா மாத்தி எழுதிருக்கு'ன்னு கேட்டேன். அவ்ளோதான், அந்த ஹால்ல நான் பேசின ஒரே உருப்படியான பேச்சு அது. லாரி ஜாம்ல மாட்டிக்கிட்டதுல இருந்து சில்லர் கதவு சரியா மூடாதது வரைக்கும் இருபது நிமிஷம் கொட்டித் தீத்தாங்க. மலேசியாவோட ஜொகூர்ல இருந்து தினம் பாலம் தாண்டி வேலைக்கு வர்றவங்க, விடியக்காலை மூணு மணிக்கு எழுந்திரிக்கறவங்க, அவுங்ககிட்ட யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க போல.

என் கஸ்டமர் பஃபே மேசைக்குப் பின்னால நிக்கறாங்க, நான் மேடைக்கு முன்னால நிக்கறேன்.

தே ஓ கோசோங் | 4 அக்டோபர், மதியம் 1.05

அக்காகிட்ட கார்டு குடுத்தீங்களான்னு கேட்டதுக்கு: இல்ல, அன்னைக்கு குடுக்கல. கார்டு தீந்து போச்சு. சாமி செயல்.

தே ஓ கோசோங் | 6 அக்டோபர், இரவு 9.30

ஞாயித்துக்கிழம, நேரம் இருக்கு, அக்கா கதைய முழுசா சொல்லிடறேன்.

அடுத்த வாரம் செனோக்கோ தொழிற்பேட்டைல அவுங்க கிச்சனுக்குப் போனேன். சுவத்துல ஒரு கிளிப்போர்டு, அதுல சில்லர் வெப்பம் எழுதற ஃபாரம். ஒரு நாளைக்கு நாலு தடவ எழுதணும். மாசம் முழுக்க 4, 4, 4, 4, எல்லாம் ஒரே நீல மசி, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. இருபத்தி எட்டாம் தேதி வரைக்கும் எழுதியிருந்துச்சு. நான் போனது இருபத்தி மூணாம் தேதி. அக்காவ பாத்தேன், அக்கா மேல ஃபேன பாத்தாங்க.

அந்த இடத்துல என் டப்பாவ எடுத்து நீட்டியிருக்கலாம். கை வரைக்கும் வந்துச்சு. ஆனா ஏன் இப்படி எழுதறாங்கன்னு தெரியாம வித்தா டப்பாவும் அந்த ஃபாரம் மாதிரிதான் ஆகும்னு தோணுச்சு. மூணு நாள் காலை அஞ்சு மணிக்குப் போய் ஒரு ஓரமா நின்னேன், வெங்காயம்கூட உரிச்சேன். பாத்தா, பிரச்சினை சில்லர்லயே இல்ல. கதவு ஓரத்துல ரப்பர் பட்டி வருமே, அது ஒரு மூலைல கிழிஞ்சு தொங்குது. கதவு மூடின மாதிரி இருக்கும், மூடியிருக்காது. அஞ்சு டிகிரிக்கு மேல அறுபது டிகிரிக்கு உள்ள இருந்தா கிருமி பெருகற எல்லைன்னு அந்த அக்காவுக்கு என்னவிட நல்லா தெரியும், அந்த பயத்துலதான் 4 எழுதியிருக்காங்க. உண்மைய எழுதினா மேனேஜர் திட்டுவார், ரிப்பேர்காரன் வர ரெண்டு வாரம்.

ரப்பர மாத்துங்கக்கா, இப்ப என் டப்பா வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை. அந்த மாசம் வருமானம் சைபர்.

தே ஓ கோசோங் | 6 அக்டோபர், இரவு 10.10

மேல எழுதினத படிச்சா நான் ஏதோ தியாகி மாதிரி தெரியுது. இல்லப்பா. அந்தக் கதவோட என் டப்பாவ வச்சிருந்தா நாள் முழுக்க கத்திக்கிட்டே இருந்திருக்கும், ஒரே வாரத்துல பேட்டரிய பிடுங்கிப் போட்டிருப்பாங்க, எனக்குத்தான் கெட்ட பேரு. கணக்கு போட்டுத்தான் சொன்னேன், கொஞ்சம் நல்லவனாவும் இருந்தேன். ரெண்டும் கலந்துதான் இருந்துச்சு.

தே ஓ கோசோங் | 9 அக்டோபர், இரவு 11.15

'அப்புறம் அந்த அக்கா பத்து கஸ்டமர் பிடிச்சுக் குடுத்தாங்களா'ன்னு ஒருத்தர் நக்கலா கேட்டிருக்கார். அஞ்சு மாசம் ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் ஒரே வாரத்துல மூணு கிச்சன் நம்பர் அனுப்பினாங்க. ஒண்ணு எடுக்கவே இல்ல, ஒண்ணு ஓசில கேட்டுச்சு, ஒண்ணு வாங்குச்சு.

வாங்கின இடத்துலதான் நான் மண்ணக் கவ்வினேன். டப்பா வச்ச அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு முதலாளி போன்ல அலாரம். அடிச்சுப் பிடிச்சு ஓடிப் போய் பாத்தா சில்லர் நல்லா ஓடுது. மறுநாளும் ரெண்டு மணி. மூணாம் நாளும். காரணம் என்னன்னா, சில்லருக்கு உள்ள குளிர்ச்சி குடுக்கற குழாய்ல பனி கட்டிக்கும், அத உருக்க நாளைக்கு சில தடவ தானா சூடு பண்ணிக்கும், டீஃப்ராஸ்ட். அந்தக் கொஞ்ச நேரம் உள்ள இருக்கற காத்து சூடாகும், ஆனா கோழியோட வெப்பம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. என் சென்சார் காத்த அளந்துச்சு, கோழிய அளக்கல. சென்சார் முனைய கிளைக்கால்னு (glycol) ஒரு திரவம் ஊத்தின சின்ன குப்பிக்குள்ள முக்கி வச்சா போதும், நிமிஷத்துக்கு நிமிஷம் துள்ளாது, உணவு எப்படி மெதுவா மாறுமோ அப்படி மாறும். இந்தத் தொழில்ல பழைய ஆளுங்களுக்கு இது பாலபாடம். எனக்குத் தெரியல.

ஆனா நான் செஞ்ச தப்பு அது இல்ல. கோளாற நாலாம் நாள் சரி பண்ணிட்டேன். அக்காகிட்ட சொல்லல. வித்த அன்னைக்கும் சொல்லல, அலாரம் அடிச்ச அன்னைக்கும் சொல்லல, எல்லாம் ஒழுங்கானதும் நல்ல செய்தியா சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். அதுக்குள்ள அந்த முதலாளி அவுங்களக் கூப்பிட்டு, யாரம்மா அனுப்பி வச்சன்னு கேட்டிருக்கார். அக்கா எனக்கு போன் போட்டு கத்தவே இல்ல. 'தம்பி, உங்க டப்பா கெட்டா அது உங்க பாடு. ஆனா அந்த வாசல்ல போயி நின்னது என் பேராச்சே.' வச்சுட்டாங்க.

அன்னைல இருந்து யார் யாரக் காட்டி விட்டாலும், அவுங்களுக்கு மூணு தடவ செய்தி போகும் என்கிட்ட இருந்து. பாத்துட்டேன்னு ஒண்ணு, என்ன ஆச்சுன்னு ஒண்ணு, சொதப்பினா அவுங்க காதுக்கு வேற யாராவது கொண்டு போறதுக்கு முன்னாடி ஒண்ணு. அட்டவணை எல்லாம் போட வேணாம், வாட்சப்ல ஒரு வரி.

தே ஓ கோசோங் | 13 அக்டோபர், காலை 10.40

ஒரு தங்கச்சி எழுதியிருக்கு, 'நெருங்கின ஃப்ரெண்ட்ஸே உதவல, தெரியாதவங்க எப்படி உதவுவாங்க'ன்னு. நெருங்கினவங்க உதவாததுக்கு மனசு காரணம் இல்லம்மா. அமெரிக்காவுல கிரனோவெட்டர்னு ஒரு சமூகவியல் ஆளு, 1973ல எழுதின ஆய்வுக் கட்டுரை ஒண்ணு ரொம்ப பிரபலம். தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட, அந்த ஆள எவ்ளோ அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டிருக்கார். அடிக்கடி பாக்கறவங்க மூலமா கிடைச்சது 16.7 சதவீதம்தான். எப்பவாவது பாக்கறவங்க 55.6, ரொம்ப அபூர்வமா பாக்கறவங்க 27.8. காரணம் ரொம்ப லேசு: நம்ம கூடவே சுத்தறவனுக்கு நமக்குத் தெரிஞ்சதுதான் தெரியும். என் மக்கான் காக்கி, அதான் சேந்து சாப்பிடற கூட்டாளிங்க, நாலு பேரும் ஒரே பள்ளி, ஒரே ஆர்மி கேம்ப், ஒரே வாட்சப் குரூப். அவுங்க போன்ல இருக்கற நம்பர் எல்லாம் என் போன்லயும் இருக்கு.

தே ஓ கோசோங் | 13 அக்டோபர், காலை 11.00

அது வேலை தேடினவங்க கணக்கு, சரக்கு விக்கறவன் கணக்கு இல்லங்கறதயும் சொல்லிடறேன், யாராவது பிடிச்சுக்கறதுக்கு முன்னாடி. அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அடிச்சப்ப செனோக்கோ வரைக்கும் லாரி ஓட்டிக்கிட்டு வந்தது அந்த மக்கான் காக்கில ஒருத்தன்தான். அவனுக்கு லோபாங் தெரியாது, லாரி ஓட்டத் தெரியும்.

தே ஓ கோசோங் | 17 அக்டோபர், மாலை 6.45

'நம்மாளுங்க தர மாட்டாங்க' பத்தி பாக்கி வச்சிருந்தேன். தம்பி, மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியார் கிட்டங்கி இருந்தது கேள்விப்பட்டிருக்கியா? ஒரே நீள ஹால், அதுல வரிசையா பல கடை. கடைன்னா சாய்வு மேசை ஒண்ணு, பெட்டி ஒண்ணு, உக்கார பாய். அங்கயே தொழில், அங்கயே தூக்கம். ஒருத்தர் யாருக்கு கடன் குடுத்தார், யார் திருப்பிக் கட்டலன்னு பக்கத்து மேசைக்குத் தெரியாம இருக்குமா? இப்ப மாசம் பல நூறு வெள்ளி வாங்கிக்கிட்டு கோவொர்க்கிங்னு தர்றாங்களே, அத நம்ம தாத்தாக்கள் பாய விரிச்சு நடத்தினாங்க. டேங்க் ரோடு கோயில் 1859, அதயும் அவுங்கதான் கட்டினாங்க. இந்திய வர்த்தகத் தொழிற்சபை 1924ல தொடங்கினது, 2024ல நூறு வருஷம். அதனால நமக்கு இது புதுசுன்னு மட்டும் சொல்லாத.

வேற சிக்கல் ஒண்ணு நமக்கு இருக்கு, அத ஒத்துக்கறேன். அண்ணே, தம்பின்னு கூப்பிட்ட உடனே விலை பேச வாய் வராது. ஒரு அண்ணன் எனக்கு ஒரு கஸ்டமர காட்டினார், அவருக்கு என்ன செய்யணும்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல, ரெண்டு பேருக்கும் பைசே, கூச்சம். எட்டு மாசம் கழிச்சு இன்னொருத்தர் சொல்லித் தெரியுது, நான் ஒண்ணும் செய்யலன்னு வருத்தத்துல இருக்காராம். நேராப் போய் 'அண்ணே, நான் என்ன செஞ்சா உங்களுக்கு உதவியா இருக்கும்'னு கேட்டேன். அவருக்குக் காசு வேணாம், மகளோட பாலிடெக்னிக் ப்ராஜெக்ட்டுக்கு சென்சார் சொல்லித்தர ஒரு ஆள் வேணும். எட்டு மாசமா அவர் மனசுல இருந்தது ரெண்டு சனிக்கிழமை வேலை!

தே ஓ கோசோங் | 17 அக்டோபர், மாலை 7.10

அந்தப் பொண்ணு இப்ப என்கிட்ட பார்ட் டைம் வேல பாக்குது. அண்ணன் கடன் தீந்துச்சு, இப்ப நான்தான் அவருக்குக் கடன்.

தே ஓ கோசோங் | 20 அக்டோபர், இரவு 10.30

யீஷூன் தம்பி தனியா கேட்டது, பொதுவாவே பதில் சொல்றேன், மத்தவங்களுக்கும் ஆகும். 'ஒரு பெரியவர் எல்லாரையும் தெரியும்கறார், அறிமுகப்படுத்த அஞ்சு சதவீதம் பங்கு கேக்கறார், குடுக்கலாமா?'

என்கிட்டயும் ஒருத்தர் கேட்டார், அதே அஞ்சு. ஆள் நல்ல பேச்சு, கோட்டு, எல்லா ஈவன்ட்லயும் முதல் வரிசை. நான் பேனா எடுத்துட்டேன். கம்பெனி செகரட்டரி அக்காதான் காப்பாத்தினாங்க. ஆறு மாசத்துக்குள்ள ஒரு செகரட்டரி வச்சே ஆகணும்னு சட்டம் இருக்கறதால வேண்டா வெறுப்பா வச்ச ஆளு. 'கையெழுத்துக்கு முன்னாடி எனக்கு அனுப்பு'ன்னாங்க. படிச்சுட்டு ஒரே கேள்வி: 'இவர் நாளைக்கே கைய விரிச்சுட்டா பங்கு திரும்ப வருமா?' வராது. அதுல ஒரு வரிகூட இல்ல.

ஃபவுண்டர் இன்ஸ்டிடியூட்னு ஒரு அமைப்பு ஆலோசகர்களுக்கான மாதிரி ஒப்பந்தம் ஒண்ணு போட்டிருக்கு, ஃபாஸ்ட்னு பேரு, இணையத்துல இலவசமா கிடைக்கும். அதுல அதிகம் போனா ஒரு சதவீதம்தான். அதுவும் ரெண்டு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா சேரும், முதல் மூணு மாசம் ஒண்ணும் கிடையாது. அத பிரிண்ட் எடுத்துட்டுப் போய் மேசைல வச்சேன். கோட்டு அண்ணன் கோப்பி முடிக்காமலே எழுந்து போனார்.

தே ஓ கோசோங் | 24 அக்டோபர், இரவு 9.00

அடுத்த வாரம் தீபாவளி. ஒரு கஸ்டமரோட கொள்முதல் ஆள் போன வருஷம் சிரிச்சுக்கிட்டே 'தீபாவளிக்கு எனக்கு ஒண்ணும் இல்லியா'ன்னு கேட்டார். விளையாட்டா வினையான்னு தெரியல. இங்க ஊழல் தடுப்புச் சட்டம் அரசாங்கத்துக்கு மட்டும் இல்ல, தனியார் கம்பெனிக்கும் உண்டு. ஒரு லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். 'எங்க தொழில்ல இது வழக்கம்'னு கோர்ட்ல சொல்லித் தப்பிக்க முடியாது, சட்டத்துலயே அப்படி இருக்கு. நான் என்ன செஞ்சேன்னா, டெக்கா சந்தைல ஆறு டின் முறுக்கு வாங்கி, கிச்சன் முழுக்கப் பேர் போட்டு, ஆபிஸ் விலாசத்துக்கு அனுப்பி, முதலாளிக்கும் ஒரு செய்தி போட்டேன். கொள்முதல் ஆளுக்கு மூஞ்சி கொஞ்சம் சுருங்குச்சு. ஒப்பந்தம் நீடிச்சுது. முறுக்கு தீந்துச்சு, டின் மட்டும் அங்க இன்னும் மிளகாய்த்தூள் போட்டு வச்சிருக்காங்க.

தே ஓ கோசோங் | 31 அக்டோபர், காலை 7.30

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்து. எண்ணெய் வச்சாச்சு. அக்காவுக்கு முதல் போன், எடுத்தாங்க, பின்னால பட்டாசு சத்தம் கேக்குது, ஜொகூராச்சே, குடுத்து வச்சவங்க, இங்க நமக்குத் தடை.

தே ஓ கோசோங் | 10 நவம்பர், மாலை 4.15

அறிமுகம் கேக்கற விதம் பத்தி. போன வாரம் ஒருத்தர் என் நம்பர முந்நூறு பேர் இருக்கற குரூப்ல போட்டு 'இவர் உதவுவார்'னு எழுதிட்டார். இருபது பேர் கூப்பிட்டாங்க, பதினெட்டு பேருக்கு ஏசி ரிப்பேர் வேணும். தொழில் நம்பர் தனிநபர் தகவல் சட்டத்துக்குள்ள வராதுன்னு வாதம் வேற. வராதுதான். அதுக்காக?

ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத்தான் சேத்து வைக்கணும். கேக்கறவன் தானே மூணு வரி எழுதிக் குடுக்கணும், நடுவுல இருக்கறவங்க அப்படியே அனுப்பற மாதிரி. நான் எழுதறது இப்படி: 'அக்கா, துவாஸ்ல மீன் ஃப்ரீசர் வச்சிருக்கற அந்த முதலாளிகிட்ட பதினஞ்சு நிமிஷம் பேசணும். ராத்திரி கரண்ட் போனா அவருக்கு எப்படித் தெரியுதுன்னு கேக்கத்தான், விக்க இல்ல. அவருக்கு இஷ்டம் இல்லன்னா விட்டுடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல.' கடைசி வரிதான் முக்கியம், அக்கா வேணாம்னு சொல்லக் கதவு திறந்து இருக்கணும்.

விக்க இல்லன்னு எழுதினா நிஜமாவே விக்கக் கூடாது. ஒரு தடவ வித்துட்டேன். அந்த அறிமுகம் அதோட சரி.

தே ஓ கோசோங் | 24 நவம்பர், இரவு 8.50

பிளாக் 71ல இடம் எடுத்தா ஆளுங்க தானா பழக்கம் ஆவாங்களான்னு கேள்வி. அது இடிக்கறதா இருந்த பழைய தொழிற்கூடக் கட்டடம், 2011ல ஸ்டார்ட்அப்களுக்குன்னு மாத்தினாங்க. நான் எட்டு மாசம் அங்க ஒரு மேசை வாடகைக்கு எடுத்திருந்தேன். மேசைல பழக்கமானது ரெண்டு பேர், கீழ தேத்தண்ணி வாங்கற வரிசைல பழக்கமானது ஏழெட்டு. எனக்கு அது சரியா வந்துச்சு, ஆனா என் கஸ்டமர் எல்லாம் செனோக்கோலயும் பாண்டான் லூப்லயும். வாடகைய மிச்சம் பிடிச்சு வேன் வாங்கிட்டேன்.

யீஷூன் தம்பி | 1 டிசம்பர், இரவு 9.40

எல்லாம் படிச்சேண்ணே. அஞ்சு சதவீதம் கேட்ட அந்தப் பெரியவருக்கு வேணாம்னு சொல்லிட்டேன். ஒரு உதவி, அந்த ஜொகூர் அக்காகிட்ட என்னைய அறிமுகப்படுத்த முடியுமா?

தே ஓ கோசோங் | 1 டிசம்பர், இரவு 10.05

ரெண்டு மாசமா பேசறோம், மேல போய் முழுசா ஒரு தடவ தேடிப் பாத்துட்டேன், நீ என்ன செய்யற கம்பெனின்னு இன்னும் ஒரு எடத்துலயும் சொல்லல. நானும் கேக்கலங்கறது எனக்கு அசிங்கம், என் கதையே அளந்துக்கிட்டு இருந்திருக்கேன். மூணு வரி எழுதி அனுப்பு. நாளைக்கு ஏழு மணிக்கு மேல அக்காகிட்ட கேக்கறேன், அதுக்கு முன்னாடி கூப்பிட்டா எடுக்க மாட்டாங்க, லாரி ஏத்தற நேரம்.